பெரியம்மாவின் விரலும் கண்ணாடித் தறியும்

வணக்கம் நேயர்களே. கல்லடியில் என் பெரியம்மா இருக்கிறார். நாற்பது வருடம் இறால் உரித்த கை அவருடையது. கட்டாரிலிருந்து மகன் வீடியோ அழைப்பு எடுத்தால், திரையில் தெரியும் பச்சை வட்டத்தை நகத்தால் குத்துவார். போன் அடித்துக்கொண்டே இருக்கும். இன்னும் பலமாகக் குத்துவார். கடைசியில் அழைப்பு நின்றுவிடும். “என்ட கைக்கு இது சரிவராது மகன்” என்று போனைக் கவிழ்த்து வைப்பார். அந்தச் சொல் என் மனதை விட்டுப் போகவில்லை. தொடுதிரையைப் பற்றிப் பேச வந்ததே அதனால்தான்.

இந்தக் கண்ணாடி அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. பழைய திரைகளில் மெல்லிய இரண்டு படைகள் இருந்தன. அழுத்தினால் இரண்டும் முட்டும், எதனால் அழுத்தினாலும் சரி. இன்றைய போன் தேடுவது மின்சாரத்தைக் கடத்தும் பொருளை. காய்ந்த ஈர்க்கால் எவ்வளவு அழுத்தினாலும் அது அசையாது. கையில் பிடித்த வாழைப்பழத்தின் நுனியை மெல்ல வைத்துப் பாருங்கள், விரல் என்றே எடுத்துக்கொள்ளும். நம் உடம்பும் உள்ளே உப்பு நீர்தானே.

மருதமுனையில் கைத்தறி பார்த்தவர்களுக்கு மீதி சுலபம். தறியில் பாவு நீளவாக்கில் ஓடும், ஊடை குறுக்கே போகும். திரைக்கு அடியிலும் அப்படி இரண்டு வரிசைக் கோடுகள் உண்டு. இந்தியம் என்ற உலோகமும் வெள்ளீயமும் கலந்த ஒட்சைட்டு ஒன்றால் அவற்றைப் போடுகிறார்கள். அது மின்சாரத்தையும் கடத்தும், ஒளியையும் விடும். ஆனால் தறியில் தொடுவதைப் போல இந்த இழைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் மின்சாரத்தைக் கடத்தாத காவலிப் படை இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு குட்டிக் கொள்ளளவி, அதாவது மின்னேற்றத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் ஒன்று. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும்.

போனில் உள்ள சிப், குறுக்குக் கோடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சின்னத் துடிப்பை அனுப்பி, நெடுக்குக் கோடுகளில் அது எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. விரல் கிட்ட வந்தால் மின்புலத்தில் கொஞ்சம் விரல் பக்கம் போய்விடும், வந்து சேர்வது குறையும். முழுத் திரையையும் ஒரு செக்கனில் 60 தடவை, அதற்கு மேலும் இப்படிப் பார்த்து முடிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இனித்தான். கோடுகளுக்கு இடையில் பொதுவாக 4, 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். பிறகு எப்படிச் சின்ன எழுத்து சரியாக விழுகிறது? விரல் நுனி பல சந்திப்புகளை ஒன்றாக மூடுகிறது. ஒன்றில் நிறையக் குறையும், பக்கத்தில் உள்ளதில் கொஞ்சம் குறையும். அந்தக் கணக்கை வைத்து விரலின் நடுவை சிப் கண்டுபிடித்துவிடும்.

இங்கிலாந்தில் ஜோன்சன் என்ற பொறியியலாளர் 1965லேயே இப்படியொரு திரையைப் பற்றி எழுதினார். 2007இல் ஐபோன் வந்த பிறகுதான் அது எல்லார் கைக்கும் வரத் தொடங்கியது.

சரி, பெரியம்மாவுக்கு வருவோம். நகம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. காய்த்து உலர்ந்த தோல், கண்ணாடிக்கும் உடம்புக்கும் நடுவில் இன்னொரு படை மாதிரி. வயலில் மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். வாவியில் வலை இழுத்த ஈரக் கையோடு தொட்டால் வேறு குழப்பம்: உப்புத் தண்ணீர்த் துளியையே திரை விரல் என்று நினைத்துவிடும். கை ராசிக்கும் வயதுக்கும் இதில் ஒரு வேலையும் இல்லை. ஈரக் கை என்றால் கையையும் திரையையும் துடையுங்கள். காய்ந்த கை என்றால் விரலை லேசாக நனைத்துத் துடைத்துவிட்டு, நுனியை விட்டு விரலின் சதைப்பகுதியை வையுங்கள். மேலே ஒட்டிய கண்ணாடி தடிப்பானது என்றால் மெல்லியதாக மாற்றுங்கள். சில போன்களில் தொடு உணர்திறனைக் கூட்டவும் வழி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கட்டாரிலிருந்து அழைப்பு வந்தது. பெரியம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, விரலைச் சாய்த்துப் பச்சை வட்டத்தின் மேல் வைத்து மெல்ல இழுத்தார். “சாப்பிட்டியா மகன்?” என்று கேட்டார்.