வயிற்று நீரில் கிருமி சேர்ந்தால்

வணக்கம் நேயர்களே. கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோர்த்தவர் வீட்டில் இருந்தால், இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்த நீரில் கிருமி சேர வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. குடலுக்குள் இருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா வகைக் கிருமிகளே குடல் சுவரைத் தாண்டி வந்துவிடும். நீரில் புரதம் டெசிலிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே போனவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

காய்ச்சல், வயிற்றுவலி வந்தால் எல்லோரும் உஷாராகிவிடுவோம். சிலருக்கு இரண்டுமே வராது, தொல்லையே அங்குதான். பகலெல்லாம் தூக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், சிறுநீர் குறைவு, இதில் ஒன்று தெரிந்தாலும் போதும். வடசென்னையில் காசிமேடோ கொருக்குப்பேட்டையோ, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுப்பார்கள். "தண்ணி எடுத்தா ஆள் தாங்கமாட்டாரு" என்று தடுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. சோதனைக்கு எடுப்பது சில பத்து மில்லிதான், பயமே வேண்டாம். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவார்கள். எடுத்த நீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. பலருக்கு அதில் கிருமி வளர்வதே இல்லை. 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்து, அணுக்கள் கால் பங்குகூடக் குறையாவிட்டால் மருந்தை மாற்றுவார்கள். குடலில் ஓட்டை இருக்கிறதா என்றும் தேடுவார்கள்.

கிருமி செத்த பிறகும் ஆள் பிழைக்காமல் போவது பெரும்பாலும் சிறுநீரகத்தால். தொற்று வந்ததும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடுகிறது. அதற்குத்தான் ரத்தத்தில் உள்ள புரதமான அல்புமினை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். 1999-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. அல்புமினும் சேர்த்துப் பெற்றவர்களில் 10 சதவீதம்தான். முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். 60 கிலோ ஆளுக்கு, 20 கிராம் பாட்டில் கணக்கில், முதல் நாள் நாலரை, மூன்றாம் நாள் மூன்று. விலை அதிகம்தான், ஆனாலும் இதில் சிக்கனம் பார்ப்பது சரியில்லை.

குணமாகி வீட்டுக்கு வந்தாலும், தடுப்பு மாத்திரை இல்லாவிட்டால் ஓராண்டுக்குள் பத்தில் ஏழு பேருக்குத் திரும்ப வரலாம். அதனால்தான் தினமும் நார்ஃப்ளாக்ஸாசின் 400 மில்லிகிராம் போல ஒன்றை எழுதித் தருகிறார்கள். உடம்பு தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. ஒருமுறை வந்துவிட்டாலே, கல்லீரல் மாற்று சிகிச்சை பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இடுப்புவலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொல்லும் அளவில்.