சனிக்கிழமை ராத்திரிப் பேய்ப் படம்: மாமியார் சொல்வது சரியா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும்தான் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். இந்தக் கேள்வி மூன்று நாளாக என்னை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் அதுதான் ஞாபகம்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி, 'அண்ணாச்சி' என்று தொடங்கி நீளமாக எழுதியிருக்கிறார். நான் சுருக்கிச் சொல்கிறேன். வீட்டில் ஆறு பேர். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து, விளக்கை அணைத்துவிட்டு, எல்லோருமாக ஒரு பேய்ப் படம் பார்ப்பார்களாம். நாலு வருஷமாக நடக்கிற பழக்கம். 'ராத்திரியில பேய்ப் படம் போட்டா பேய வெத்திலை பாக்கு வச்சு விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி' என்று மாமியார் வாரா வாரம் சொல்வாராம். சொல்லிவிட்டு முதல் ஆளாக வந்து டிவிக்கு நேர் எதிரே உட்காருவதும் அவர்தானாம். கேள்வி இரண்டு. கடைக்குட்டிக்கு ஏழு வயசு, அவனையும் வைத்துக்கொண்டு பார்க்கிறோமே, தப்பா? அப்புறம், இதே படத்தைத் தனியாகப் பார்த்தால் தூக்கம் போய்விடுகிறது, சேர்ந்து பார்த்தால் சிரிப்பு வருகிறது, அது ஏன்?

பேய் உண்டா இல்லையா என்று கேட்கவில்லை பாருங்கள், அதற்கே அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது லேசு. படத்தில் ஒரு கதவு கிறீச்சிடுகிறது. அது படம்தான் என்று புத்திக்கு எட்டுவதற்குள் உடம்பு கிளம்பிவிடுகிறது. அட்ரினலின் ஓடுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. 'சும்மா இரு, பூனைதான்' என்று புத்தி வந்து சொன்னாலும் கிளம்பின படபடப்பு உடனே அடங்காது. அது எங்கேயாவது போய்த் தீர வேண்டும். பக்கத்தில் அண்ணன்காரன் தலையணையோடு துள்ளி விழுந்ததைப் பார்த்தால் சிரிப்பாகப் போகிறது. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் நேரே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுத் தார்சாவில் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். ஒரு ராத்திரிக்குத்தான் வாடகை என்பதால் மூன்று படம் பார்க்காமல் விடமாட்டோம். முதலில் சாமி படம், அது பாட்டிக்கு. அப்புறம் சண்டைப் படம். பன்னிரண்டு மணிக்கு மேல், பெரியவர்கள் பாதி தூங்கின பிறகு, பேய்ப் படம். ஒரு தடவை பேய் கிணற்றுக்குள்ளிருந்து கையைத் தூக்குகிற இடத்தில் கறண்டு போய்விட்டது. கேசட் டெக்குக்குள்ளே மாட்டிக்கொண்டது. பதினோரு பேர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம், ஒருத்தருக்கும் மூச்சு இல்லை. எங்கள் அப்பா சொன்னார்: 'பேய் உள்ளதான் இருக்கு மக்களே, கறண்டு வந்தாத்தான் வெளிய வரும். படுங்க.' அந்த இருட்டில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

சிரித்துவிட்டோமே தவிர, அன்றைக்கு யாரும் தனியாகப் புறவாசலுக்குப் போகவில்லை. கக்கூஸ் புறவாசலைத் தாண்டி இருந்தது, பக்கத்திலேயே ஒரு பனை. காற்று இல்லாத ராத்திரியிலும் அந்த ஓலை மட்டும் சரசரக்கும். என்னோடு அம்மை வருவாள், வெளியே நிற்பாள். நின்றால் போதாது, பாட வேண்டும். அவளுக்கு முழுசாகத் தெரிந்தது ஒரு தாலாட்டுதான். உள்ளே நான், வெளியே 'ஆராரோ'. பாட்டு ஒரு நொடி நின்றால் 'அம்மை!' என்று அலறுவேன். பாவம், மூச்சு வாங்கத்தான் நிறுத்தியிருப்பாள்.

சரி, தனியாகப் பயப்படுவது என்றதும் எனக்கு மணிமேகலைதான் ஞாபகம் வருகிறது. பழைய ஆட்களுக்குத் தெரியும், சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றி முன்னாலேயே பேசியிருக்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாடு அது. சார்ங்கலன் என்கிற பையன், ஊர் என்று நினைத்துத் தனியாக உள்ளே போய்விடுகிறான். அங்கே ஒரு பேய் பிணத்தின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறது. அதைப் பார்த்து நடுங்கி, ஓடி, வீட்டுக்கு வந்து, அம்மா கோதமையிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். தெய்வம் என்ன சொல்கிறது? 'அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா.' பேய் உயிரைத் தின்னாது, பையன் கலங்கிப்போனான், அந்தக் கலக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஊழ்வினை வந்து உயிரைக் கொண்டுபோயிற்று என்கிறது. தங்கச்சி, இந்த வரியை எழுதி டிவிக்கு மேலே ஒட்டி வையுங்கள். மாமியார் படிக்கட்டும்.

ஏழு வயசுக்காரன் விஷயத்துக்கும் இதே கதைதான். அவன் கலங்குகிறானா என்று பாருங்கள். 2024லிருந்து சென்சாரில் யு/ஏ என்று மொத்தமாகக் கொடுக்காமல் 7, 13, 16 என்று வயசு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அவனை வைத்துக்கொண்டு பார்க்கும்போது அந்த 7-ஐத் தாண்ட வேண்டாம். பெரியவர்கள் பார்க்கிற படம் அவன் தூங்கின பிறகு. அப்புறம் ஒன்று, பயந்தால் கண்ணைப் பொத்தாதீர்கள், சத்தத்தைக் குறையுங்கள். பயம் காது வழியாகத்தான் வருகிறது. நம்பாவிட்டால் எந்தப் பேய்ப் படத்தையும் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள், பேய் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். 1960இல் வந்த 'சைக்கோ' படத்தில் அந்தக் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்துக் கீச்சிட வைத்துக் காட்டினார். அப்புறம்தான் அவர் மனசு மாறியது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அதில் ஓடுகிற ரத்தம் சாக்லேட் சிரப். இதைக் கடைக்குட்டியிடம் சொல்லிப் பாருங்கள், அடுத்த வாரம் ரத்தம் வருகிற இடத்தில் நாக்கைச் சப்புவான்.

இத்தோடு பதில் முடிந்தது. ஆனால் தங்கச்சி, நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது, நான் மூன்று நாள் தூங்காமல் இருந்தது அதற்காகத்தான். குடும்பமாக உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பேய்க் கதை கேட்பது உங்கள் மாமியாருக்குப் புதுசா? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகாத ஆள் உண்டா? அங்கே ராத்திரி முழுக்க நடக்கிற வில்லுப்பாட்டு எதைப் பாடுகிறது?

எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். பாயில் அம்மை மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். கட்டன்காப்பி ஒரு சுற்று வந்து போய்விட்டது. புலவர் வீசுகோலால் நாணில் ஒரு அடி அடித்தால் வில்லில் கட்டின மணி எல்லாம் சேர்ந்து குலுங்கும். குடம் 'கும்' என்கும். கொலை வருகிற இடத்தில் அவர் சத்தத்தைக் கூட்டமாட்டார், குறைப்பார். உடுக்கை மட்டும் மெதுவாக. கூட்டம் அப்படியே முன்னால் சாயும். பக்கத்தில் ஒரு கிழவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள். கொலை செய்யப்பட்டவள்தான் பேயாகப் போகிறாள், கிழவி அழுவது அந்தப் பேய்க்காக. இதைக் கவனியுங்கள்.

நீலி கதை. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இன்னொரு தடவை கேட்டால் குறைந்துவிடாது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நம் பக்கம் பாடுகிறபடி, கோயில் பூசாரி ஒருவன் தன்னை நம்பிக் கூட வந்த பெண்ணை நகைக்காகக் கொல்கிறான். அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தவள் தலையில் கல்லைப் போட்டு. காட்டில் வேறு ஆள் இல்லை. அவள் சாகும்போது அங்கே நின்ற கள்ளிச் செடியைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டுச் சாகிறாள். அடுத்த பிறவியில் அவன் வியாபாரி, அவள் நீலி. அவன் காட்டு வழியில் வரும்போது அவள் ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் கைப்பிள்ளையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நிற்கிறாள். 'இவர் என் வீட்டுக்காரர், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்.' அவன் 'இவள் பேய், பேய்' என்று கத்துகிறான். பிள்ளையை இறக்கி விடுங்கள், பார்ப்போம் என்கிறார்கள் பெரியவர்கள். பிள்ளை நேரே போய் அவன் மடியில் ஏறுகிறது.

அந்தப் பிள்ளை யார்? கள்ளி! போன பிறவியில் கூப்பிட்ட சாட்சி, இந்தப் பிறவியில் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது. நாலு பேர் முன்னால் தீர்ப்பும் ஆகிவிட்டது. ராத்திரி ஒரே அறையில் இரண்டு பேரையும் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் அவன் இல்லை.

அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், எந்தப் பேயைப் பார்த்தாலும் முதலில் அதன் வழக்கு என்ன என்று கேளுங்கள். நம் ஊர்ப் பேய்க்குச் சும்மா வந்து காலைப் பிடித்து இழுக்கிற வேலை இல்லை. அதற்கு ஒரு வழக்கு உண்டு, அதைக் கேட்க ஆள் வேண்டும். கேட்டு முடித்தால் அதை ஓட்டமாட்டார்கள், குடியமர்த்துவார்கள். முப்பந்தலில் போய்ப் பாருங்கள், காற்றாலைகளுக்கு நடுவில் இசக்கி அம்மன், அந்த நீலிதான் அவள். இன்றைக்கும் எத்தனையோ ஓட்டுநர்கள் அங்கே வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இசக்கி சிலையில் இடுப்பில் பிள்ளை இருக்கும். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் அவளுக்குத் தொட்டில் கட்டுகிறார்கள். கொலையுண்டவளிடம் போய்த் தொட்டில் கட்டுகிற ஊர் இது. சினிமாவில் என்ன செய்கிறார்கள்? எலுமிச்சம்பழத்தை நறுக்கி, நாலு மந்திரம் சொல்லி, புகையாகப் போக்கிவிடுகிறார்கள். வழக்கு தள்ளுபடி. எனக்கு அந்த மாதிரிப் படங்களில் கடைசி கால் மணி நேரம் எழுந்து போய்விடத் தோன்றும்.

வழக்கை ஒழுங்காகக் கேட்ட படம் ஒன்று உண்டு, அதுவும் கொஞ்சம் நம் மாவட்டத்தில் எடுத்தது. 1993இல் ஃபாசில் எடுத்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. சில காட்சிகள் தக்கலை பக்கத்தில், பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தவை. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அதில் பேயே கிடையாது, மனநோய்தான்: கதாநாயகி தன்னை அந்தக் காலத்தில் கொலையான நாகவல்லி என்கிற நடனக்காரியாக நினைத்துக்கொள்கிறாள். ஆனால் அவளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்ன செய்கிறார்? நாகவல்லிக்கு ஒரு வழக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். தன்னைக் கொன்ற காரணவரை, அதாவது அந்த வீட்டுப் பெரியவரை, பழி வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது. அவர் இடத்தில் ஒரு பொம்மையை மாற்றி வைத்து, வெட்டிக்கொள் என்று விட்டுவிடுகிறார். தீர்ப்பு கிடைத்ததும் அடங்கிவிடுகிறாள். வில்லுப்பாட்டுப் புலவர் செய்கிற அதே வேலை.

இன்னொரு வேடிக்கை. நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, மலையாளப் படத்தில் தமிழ் பேசுகிறாள். 2005இல் தமிழில் 'சந்திரமுகி' ஆனபோது அவள் தெலுங்கு பேசினாள். 2007இல் இந்தியில் எடுத்தபோது வங்காளி. பேய் எப்போதும் பக்கத்துச் சீமை பாஷைதான் பேசும் போல! எங்கள் வீட்டில் அந்த மலையாளக் கேசட்டைப் போட்டபோது பாட்டிக்குத்தான் ஒரே சந்தோஷம். 'மத்தவங்க பேசுதது பாதிதான் புரியுது, பேய் பேசுததுதான் தெளிவா இருக்கு' என்றாள். அவள் கட்சி மாறியது அன்றைக்குத்தான். கடைசி வரைக்கும் நாகவல்லி பக்கம். 'அவ கேக்கது நியாயம்தானே' என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உங்கள் மாமியாரும் அந்த ஆள்தான் என்று நினைக்கிறேன். இந்தச் சனிக்கிழமை படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அவரிடமே கேளுங்கள்: 'அத்தை, இந்தப் பேய்க்கு என்ன வழக்கு?' என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவர் தீர்ப்பை அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரண்மனையைப் பார்க்கப் போகத் தோன்றினாலும் போங்கள், மார்த்தாண்டத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லை. நவராத்திரி மண்டபத்தின் கருந்தரையில் கடைக்குட்டியை நிறுத்தி முகம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும்.