நூர்ஜஹானை வீழ்த்திய அண்ணன்

நேயர்களுக்கு வணக்கம்.

நூர்ஜஹான் என்றாலே பேரழகி, முகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர் பார்த்ததும் மயங்கிவிட்டார் என்றுதான் கதை சொல்வார்கள். அழகாகவே இருந்திருக்கட்டும். ஆனால் 1611இல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு வயது 34. முதல் கணவரை இழந்தவர், லாட்லி என்ற மகளுக்குத் தாய். அந்தப்புரத்திலோ ஏற்கெனவே ராணிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே போய்ப் பதினாறு வருஷம் செல்வாக்கோடு இருக்க அழகு மட்டும் போதுமா?

அவருக்குப் பக்கபலம் பிறந்த வீடு. பாரசீகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த அப்பா கியாஸ் பேக், இதிமாத் உத் தௌலா என்ற பட்டத்தோடு வஜீர், அதாவது முதன்மை அமைச்சர் ஆனார். அண்ணன் ஆசப் கான் தர்பாரில் பெரிய புள்ளி. அண்ணன் மகள் அர்ஜுமந்த் பானுவை 1612இல் இளவரசர் குர்ரம் மணந்தார். இந்த ஜோடிதான் பின்னாளில் ஷாஜஹானும் மும்தாஜும். கஜானா, தர்பார், அந்தப்புரம், அடுத்த வாரிசு என்று எல்லா இடத்திலும் ஒரே குடும்பம்.

நாணயத்தில் நூர்ஜஹானின் பெயர் வந்தது. அவர் பெயரில் அரசாணைகள் போயின. ஜஹாங்கீரின் நாட்குறிப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1619இல் மதுரா பக்கம் ஒரு புலியின் தொல்லை. இனி என் கையால் எந்த உயிரையும் கொல்வதில்லை என்று சக்கரவர்த்தி விரதம் எடுத்திருந்த நேரம். அதனால் நூர்ஜஹானைச் சுடச் சொன்னார். புலி வாடை பட்டால் யானை ஓரிடத்தில் நிற்காது, மேலே உட்கார்ந்து குறிவைப்பது லேசல்ல, தனக்கு அடுத்தபடியாகக் கெட்டிக்காரரான மிர்ஸா ருஸ்தமே மூன்று நான்கு முறை தவறவிட்டிருக்கிறார் என்றெல்லாம் எழுதிவிட்டு, தன் மனைவி ஒரே குண்டில் சாய்த்ததைப் பெருமையோடு குறித்திருக்கிறார். மனைவியை இப்படி மெச்சி எழுதிய அரசர்கள் எத்தனை பேர்?

சரி, விரிசல் எங்கே விழுந்தது? 1621இல் நூர்ஜஹான் தன் மகள் லாட்லியை, ஜஹாங்கீரின் கடைசி மகன் ஷஹ்ரியாருக்குக் கட்டிவைத்தார். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு மருமகன்கள், இருவருக்கும் ஒரே சிம்மாசனத்தின் மேல் கண். அதே வருஷம் அம்மா காலமானார், 1622 தொடக்கத்தில் அப்பாவும் போய்விட்டார். அண்ணனையும் தங்கையையும் உட்காரவைத்துப் பேச ஆளில்லை. அந்த வருஷமே காந்தஹாருக்குப் படையோடு போகச் சொன்னதற்கு குர்ரம் மறுத்துக் கலகம் செய்தார். ஆசப் கான் வாயே திறக்கவில்லை. மகளின் புருஷன் அல்லவா!

1626இல் தளபதி மகாபத் கான், ஜீலம் நதிக்கரையில் சக்கரவர்த்தியையே சிறைபிடித்தார். அவரை மீட்க நூர்ஜஹான் யானைமேல் ஆற்றில் இறங்கினார். அம்பாரியில் கூடவே பேத்திக் குழந்தை. அன்று தோற்றாலும், பிறகு நயமாகப் பேசிக் காரியத்தைச் சாதித்தார். எதிரியைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். உடன்பிறந்தவரைத்தான் சமாளிக்க முடியவில்லை.

1627 அக்டோபரில், காஷ்மீரிலிருந்து லாகூர் திரும்பும் வழியில் ஜஹாங்கீர் இறந்தார். தங்கை அழைத்தும் அண்ணன் வரவில்லை, சாக்குச் சொன்னார். அப்புறம் தங்கையைக் காவலில் வைத்தார். குர்ரம் தக்காணத்திலிருந்து வந்து சேரும்வரை இடத்தைப் பிடித்து வைக்க தாவர் பக்ஷ் என்ற இளவரசரை அரியணையில் உட்காரவைத்தார், வெறும் பலியாடாக. ஷஹ்ரியாரைத் தோற்கடித்துக் கண்ணைக் குருடாக்கினார்கள். சில மாதங்களில் இருவருமே உயிரோடு இல்லை. லாட்லி விதவையானார்.

நூர்ஜஹானுக்கு வருஷம் 2 லட்சம் ரூபாய் மானியம். மகளோடு லாகூரில் ஒதுங்கி வாழ்ந்து, 1645இல் இறந்தார். அவரைச் சூழ்ச்சிக்காரி என்று எழுதிய பலரும் ஷாஜஹானிடம் சம்பளம் வாங்கியவர்கள் என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ரா போகிறவர்கள் தாஜ்மஹாலைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். யமுனையின் அக்கரையில், பெற்றோருக்காக நூர்ஜஹான் எழுப்பிய கல்லறை இருக்கிறது. வெள்ளைப் பளிங்கில் வண்ணக் கற்களை இழைத்த வேலைப்பாடு, தாஜ்மஹாலுக்கு முந்தியது. அது கட்டி முடிந்தது 1628இல், ஷாஜஹான் முடிசூடிய வருஷம்.

நன்றி, வணக்கம்.