முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால் விவாகரத்தா?

நேயர்களுக்கு வணக்கம். குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்காடுபவள் நான்.

என்னைப் பார்க்க வரும் பெண்கள் சிலர், நான்காக மடித்த முத்திரைத்தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். "பெரியவங்க முன்னால ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு மேடம், நோட்டரி சீலும் இருக்கு. இத்தோட முடிஞ்சுதுதானே?" முடியவில்லை அம்மா என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது நீதிமன்றம் போகாமல் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மணத்தை முறித்துக்கொண்டு மறுமணம் செய்யும் வழக்கம், தொன்றுதொட்டு உள்ள சமூகங்களுக்கு மட்டும் சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்த வழக்கம் உண்டென்று நிரூபிக்கவும் வேண்டும். மற்றவர்கள் அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாது, குற்றமும் ஆகிவிடும்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, இருவரும் சம்மதித்தால் சேர்ந்தே மனுப் போடலாம். அதற்குமுன் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான். மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருப்பு. பிரிந்து ஒன்றரை ஆண்டு கடந்து, பணம், பிள்ளைகள் விஷயமெல்லாம் பேசித் தீர்ந்திருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நகை, சீர்வரிசை, பிள்ளை யாரிடம் என்பதையெல்லாம் மனுவிலேயே எழுதிவிடுங்கள். 'பிறகு பார்த்துக்கலாம்' என்று விட்டவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் மறுத்தால் கொடுமை, இரண்டாண்டு கைவிடல் போன்ற காரணங்களை நிரூபித்தாக வேண்டும். 'மனசு ஒத்துப்போகலை' என்பது மட்டும் போதாது.

செலவுக்கு வருவோம். நீதிமன்றக் கட்டணம் சிறு தொகைதான். வக்கீல் ஃபீஸும், வாய்தாவுக்கு வாய்தா இழக்கும் நாள்கூலியும்தான் ஆளைச் சாய்க்கும். ஃபீஸ் முழு வழக்குக்கா, வாய்தாவுக்கு இவ்வளவா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். மனைவி தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம், பஸ் செலவாவது மிஞ்சும். வருமானம் இல்லாதவர், கணவனோ மனைவியோ, வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் எதிர்த்தரப்பிடம் கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு வழி செய்கிறது.

பெண்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அழைக்க வேண்டிய எண் 15100.

தீர்ப்பு வந்ததும் நகல் ஒன்றை இருவருக்கும் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டுக் காலம் கழியும்வரை மறுமணத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

வணக்கம்.