அத்தை பைண்டு செய்த 'குறிஞ்சி மலர்'

வணக்கம். ஒரு காலத்தில் ஊரே படித்த நாவல்களை இன்று எப்படிப் படிப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்'. 1960 வாக்கில் கல்கி இதழில் தொடராக வந்தது. அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அதன் நாயகன், நாயகி பெயர்களான அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த வீடுகள் எத்தனையோ.

என் கையில் இருப்பது கடையில் வாங்கிய புத்தகம் அல்ல. என் அத்தை வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தது. முதுகில் கோந்து காய்ந்து உதிர்கிறது. சில பக்கங்களின் மறுபுறம் வேறு ஏதோ ஒரு கதையின் கடைசி நாலு வரி மட்டும் இருக்கிறது.

பதினேழு வயதில் அரவிந்தனுக்காகவே இதைப் படித்தேன். அவன் சாகிற இடத்தில் அழுதேன். போன மாதம் மறுபடி படித்தபோது பல இடங்களில் தடுக்கியது. பாத்திரங்கள் வீட்டுக்குள்ளும் மேடையில் பேசுவது போலவே பேசுகிறார்கள். கல்யாணமே ஆகாத பூரணி, இறந்தவன் நினைவிலேயே வாழ்ந்து முடிக்க வேண்டும் என்பதை என்னால் இப்போது ஏற்க முடியவில்லை. அன்று அதைத்தான் பெரிய தியாகம் என்று நினைத்தேன்.

ஆனால் அன்று கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. பசி. பூரணியின் அப்பா தமிழ்ப் பேராசிரியர், அவர் இறந்துவிட்டார். தம்பி, தங்கைகளை வைத்துக்கொண்டு மதுரையில் வேலை தேடி அலைகிற பெண், வெயிலில் நடுத்தெருவில் மயங்கி விழுகிறாள். அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தைத் தன் சம்பளத்தில் தூக்கி நிறுத்துகிற பெண்ணை, கதைநாயகியாக வாரம்தோறும் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது சின்ன விஷயம் இல்லை. அவள் பிறகு மேடையேறிப் பேசுகிறாள், ஊர் உட்கார்ந்து கேட்கிறது. எனக்கு நீளமாகத் தெரிகிற அந்தப் பேச்சுகளுக்காகவே அடுத்த இதழுக்குக் காத்திருந்த பெண்கள் இருந்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

என் அத்தையும் மூத்த பெண். தாத்தா இறந்தபோது அவளுக்கு இருபது வயது. அப்பாவையும் சித்தப்பாவையும் தையல் மிஷினை வைத்துத்தான் படிக்கவைத்தாள். இந்த பைண்டிங்கில் ஓரிடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். காதல் வரும் பக்கங்களில் ஒரு கீறல்கூட இல்லை. கோடு இருப்பது, பூரணி தெருவில் மயங்கி விழுகிற பக்கத்தில்.