ஹார்லெமின் பாலே கம்பெனி: முதலில் பள்ளி, அப்புறம்தான் மேடை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் இருக்கும் ஒரு பாலே கம்பெனியைப் பற்றிப் பேசப் போகிறேன். டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம். எனக்கு ரொம்பப் பிடித்த கம்பெனி, அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தொடங்கியவர் ஆர்தர் மிட்செல். 1934இல் அதே ஹார்லெமில் பிறந்தவர். 1955இல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்து, அங்கே முதன்மை நடனக் கலைஞர் நிலைக்கு உயர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1957இல் அந்தக் கம்பெனியின் நடன அமைப்பாளர் பாலஞ்சீன் 'அகான்' என்ற பாலே படைப்பில் இவரையும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணையும் ஜோடியாக ஆடவைத்தார். அந்தக் காலத்து அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கே ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்த வருடம் அது.

1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்படுகிறார். மிட்செல் அப்போது பிரேசிலில் ஒரு பாலே கம்பெனியை உருவாக்கும் வேலையில் இருந்தார். செய்தி வந்ததும், நாம் ஏன் இன்னொரு நாட்டில் போய் இதைச் செய்ய வேண்டும், நம் தெருவிலேயே செய்யலாமே என்று முடிவெடுத்தார். தனக்கு ஆசிரியராக இருந்த கேரல் ஷுக்கைச் சேர்த்துக்கொண்டு 1969இல் இந்த அமைப்பை நிறுவினார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அவர் முதலில் நட்சத்திரங்களைத் தேடிப் போகவில்லை, வகுப்பைத்தான் தொடங்கினார். முதலில் வந்தது 30 பிள்ளைகள், சில மாதங்களிலேயே 400 ஆகிவிட்டது. கராஜ் ஒன்றில் கதவைத் திறந்தே வைத்துச் சொல்லிக்கொடுப்பார், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், பார்த்த பிள்ளைகள் உள்ளே வருவார்கள். பையன்கள் டைட்ஸ் (காலோடு ஒட்டிய இறுக்கமான ஆடை) போட வெட்கப்பட்டால், சரி, அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று விதியையே மாற்றினார். ஆனால் பயிற்சியில் மட்டும் எதையும் தளர்த்தவில்லை. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்ய எத்தனை பேரால் முடியும், சொல்லுங்கள்.

1971இல் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் கம்பெனியின் முறையான முதல் நிகழ்ச்சி. பிறகு உலகம் முழுக்க டூர். 1988இல் சோவியத் யூனியனுக்கே போய் ஆடினார்கள், பாலேயைத் தங்கள் சொத்தாக நினைக்கும் ஊருக்கு! 1984இல் செய்த 'கிரியோல் ஜிசெல்' எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது, 'ஜிசெல்' என்ற பழைய பாலேயின் ஐரோப்பிய கிராமத்துக் கதையை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கறுப்பினச் சமூகத்துக்குக் கொண்டுபோனார்கள், ஆனால் அடவுகள் பழைய பாலேயில் இருந்தபடியே.

அப்புறம் அந்தக் காலணி விஷயம். பாலேயில் இளஞ்சிவப்பு டைட்ஸும் ஷூவும் எதற்கு என்றால், இடுப்பிலிருந்து கால்விரல் நுனி வரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும், வெள்ளைத் தோலுக்கு அது பொருந்திப் போகும். கறுத்த உடலில் அதே இளஞ்சிவப்பு, காலை உடம்பிலிருந்து வெட்டிக் காட்டிவிடும். அதனால் 1970களின் நடுவிலேயே இந்தக் கம்பெனி ஒவ்வொருவரின் தோல் நிறத்துக்கும் ஏற்ப டைட்ஸையும் ஷூவையும் நிறம் மாற்றிப் போட ஆரம்பித்தது, ஷூவில் மேக்கப் ஃபவுண்டேஷனைத் தடவித் தடவி. பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் பழுப்பு நிறங்களில் பாயிண்ட் ஷூ, அதாவது விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான ஷூ, கொண்டுவந்தது 2017, 2018 வாக்கில்தான். நாற்பது வருடத்துக்கு மேல் இந்தப் பெண்கள் தாங்களே பூசிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, வளர்ச்சி என்றால் நேர்க்கோடு கிடையாது. 2004இல் சுமார் 23 லட்சம் டாலர் கடன் சேர்ந்து கம்பெனி நின்றே போனது. நாற்பதுக்கும் அதிகமான கலைஞர்களுக்கு வேலை இல்லை. மேடைக்கு அவர்கள் திரும்பி வர 2012 ஆனது, அதுவும் 18 பேரோடு. எட்டு வருடம் மேடை இல்லாத ஒரு கம்பெனியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? இதைப் பிழைக்கவைத்தது பள்ளி என்பதுதான் என் உறுதியான கருத்து. 2004இல் பள்ளியும் கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது, ஆனால் சீக்கிரமே மறுபடி திறந்து வகுப்புகள் நடந்தன, பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். முதல் நாளிலிருந்து கம்பெனியில் ஆடிய வர்ஜீனியா ஜான்சன் 2010இல் கலை இயக்குநராகப் பொறுப்பேற்று மறுபடி கட்டியெழுப்பினார். மிட்செல் அதைப் பார்த்துவிட்டுத்தான் 2018இல் காலமானார்.

நன்கொடையாளர்கள் பொதுவாக மேடைக்குத்தான் பணம் கொடுக்க விரும்புவார்கள், விளக்கும் கைதட்டலும் அங்கேதானே இருக்கின்றன. 2021இல் பெரும் நன்கொடையாளர் மெக்கென்ஸி ஸ்காட் ஒரு கோடி டாலர் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், இந்த அமைப்பு அதற்கு முழுத் தகுதி உள்ளது.

2023இலிருந்து கலை இயக்குநர் ராபர்ட் கார்லண்ட். இதே கம்பெனியில் ஆடியவர், இங்கேயே நடனங்கள் அமைத்தவர், பள்ளியையும் நடத்தியவர். வகுப்பறையைத் தெரிந்த ஒருவர் கையில் மேடை இருக்கிறது, அதனால் அடுத்த பத்து வருடத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நியூயார்க்கில் இருப்பவர்கள் 152ஆம் தெருவில் இருக்கும் அவர்கள் கட்டடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அடுத்த வீடியோவில் 'அகான்' பற்றி மட்டும் தனியாகப் பேசுகிறேன்.