பங்குனியில் யார் வருகிறார்கள், யார் கிளம்புகிறார்கள்? நேயர் கேள்விக்கு விளக்கம்

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: "ஐயா, பங்குனி பிறந்தால் எங்கள் மாமரத்துக்குக் குயில் வந்துவிடுகிறது. வசந்த காலத்தில் பறவைகள் வலசை வரும் என்று படித்தேன். நம் வேலூர்ப் பக்கம் குயிலோடு வேறு எவையெல்லாம் வரும்?" இந்தக் கேள்வி என்னைச் சில நாள்களாகவே விடவில்லை. முதல் பாதியை விரைவாக முடித்துவிடுகிறேன், ஏனெனில் எனக்கு ஆசை இரண்டாம் பாதியின் மேல்தான்.

குயில் எங்கிருந்தும் வரவில்லை அம்மா. மார்கழியிலும் அது உங்கள் தெருவில்தான் இருந்தது, பழம் தின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தது, அவ்வளவே. காகம் கூடு கட்டும் காலம் நெருங்கும்போது, அந்தக் கூட்டில் முட்டையிட வேண்டிய குயிலுக்கும் இனப்பெருக்கக் காலம் தொடங்குகிறது. அதனால் ஆண் கூவுகிறது, நமக்கு அது புதிதாக வந்ததுபோல் தோன்றுகிறது.

இனி, எவை வரும் என்ற கேள்வி. இதை நம் பழைய காணொளிகளில் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், மறுபடியும் சொல்கிறேன்: வசந்தத்தில் பறவைகள் வருகின்றன என்று எழுதியவர்கள் ஐரோப்பாவில் இருந்துகொண்டு எழுதினார்கள். அவர்களுக்கு வருகையாக இருப்பது நமக்குப் புறப்பாடு. ஆவணி, புரட்டாசியில் வந்து இறங்கியவை பங்குனி, சித்திரையில் நம்மை விட்டுக் கிளம்புகின்றன. ஆகவே, "யார் வருகிறார்கள்" என்பதைவிட, "யார், என்றைக்குக் கிளம்பினார்கள்" என்றுதான் இந்த மாதங்களில் கேட்க வேண்டும்.

கிளம்பும் முன் அவை கோலம் மாறுவதைப் பாருங்கள். மாடு மேயும் இடத்திலும் அறுத்த நெல்வயலிலும் திரியும் மஞ்சள் வாலாட்டி, தை மாதத்தில் பெயருக்கு மட்டும்தான் மஞ்சள். உடம்பெல்லாம் வெளிறிக் கிடக்கும். மாசிக்குப் பிறகு உடலிறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்க விடுகிறது. அப்போது ஒரே பறவையில் தொண்டையில் ஒரு திட்டு நல்ல மஞ்சளாகவும், பக்கத்துத் திட்டு இன்னும் அழுக்கு வெள்ளையாகவும் இருப்பதைக் காணலாம். சூறைக்குருவி என்றும் சோளக்குருவி என்றும் சொல்கிறோமே, அதன் வழி வேறு. அது இந்தப் பருவத்தில் இறகு மாற்றுவதே இல்லை. சென்ற ஆண்டு முளைத்த இறகுகளின் மங்கலான ஓரங்கள் குளிர்காலம் முழுவதும் தேய்ந்து தேய்ந்து, அடியிலிருக்கும் இளஞ்சிவப்பு பங்குனியில் வெளியே தெரிகிறது. கல்யாண முருங்கை பூத்திருக்கும்போது அந்த மரத்தடியில் நின்று பாருங்கள், தேனுக்கு அவை அடித்துக்கொள்ளும் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்தக் கூட்டம் மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குப் போய், அங்கே வெட்டுக்கிளி பெருகும் மே, ஜூன் மாதங்களில் குஞ்சு பொரிக்கும்.

வெயிலுக்குப் பயந்து போகின்றன என்று நம்மூரில் சொல்வார்கள். வேலூர் வெயிலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பத்தான் தோன்றும், ஆனாலும் அது காரணமன்று. பறவையின் உடலுக்குள் ஓராண்டுக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. ஒரே அளவு வெளிச்சத்தில் கூண்டில் வைத்து வளர்த்த கதிர்க்குருவிகள்கூட, வலசைப் பருவம் வந்ததும் இரவில் உறங்காமல் படபடத்ததை ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் ஆய்வு செய்து காட்டினார். அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது பகலின் நீளம். நம் ஊரில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. அந்தச் சிறிய மாற்றமே அவற்றுக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆற்றில் நீரில்லை, கோட்டையில் அரசனில்லை என்று நம்மைக் கேலி செய்வார்கள். பாலாற்றில் நீர் இல்லாவிட்டாலும் ஏரிகள் இருக்கின்றன. காவேரிப்பாக்கம் ஏரி பாசனத்துக்குத் திறந்துவிடப்பட்டு நீர் வற்ற வற்ற, ஓரத்தில் சேறு அகலமாக வெளிப்படும். பொரி உள்ளான், கொசு உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகள் அந்தச் சேற்றைத்தான் தேடுகின்றன. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். அது முட்டையிடப் போவதோ ஆர்க்டிக் வட்டாரத்துக்கு. அவ்வளவு தொலைவுக்கான கொழுப்பை இப்படிப்பட்ட சேற்றுப் புழுக்களில்தான் சேர்த்தாக வேண்டும். ஏரி நிரம்பியிருக்கும்போது வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள், வற்றும்போது எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

இங்கேதான் நான் எப்போதும் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் உலகளவில் ஒன்று நடக்கிறது, அப்போதெல்லாம் நம்மிடம் பட்டியல் குவிகிறது. சித்திரையில் யாரும் வெளியே வருவதில்லை. முதல் பறவையைப் பார்த்த நாளைக் குறிப்பது எளிது, அன்றைக்கே மகிழ்ச்சியோடு எழுதிவிடலாம். கடைசிப் பறவையைப் பார்க்கும்போது அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரல் 12இல் பார்த்தேன், அதன் பின் பார்க்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அதன் பின் எத்தனை நாள் போய்த் தேடினீர்கள் என்று கேட்பேன். போகவே இல்லை என்றால் அந்தத் தேதி பறவை கிளம்பிய நாளைச் சொல்லவில்லை, இவர் வீட்டுக்குள் முடங்கிய நாளைச் சொல்கிறது. ஆகையால் "போனேன், தேடினேன், இல்லை" என்ற வரியையும் எழுத வேண்டும். இந்த "இல்லை" என்ற வரிக்கு நான் தரும் மதிப்பை அரிய பறவையின் படத்துக்குக்கூடத் தருவதில்லை.

இதற்குத் தொடக்கநிலையினர் ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொண்டால் போதும். அது பழுப்புக் கீச்சான். குளிர்காலம் முழுவதும் தனக்கென்று ஒரு சிறிய இடத்தை வைத்துக்கொண்டு, அதே வேலிக்காத்தான் புதரின் உச்சியிலோ அதே கம்பியிலோ உட்கார்ந்திருக்கும். கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, மெல்ல அசையும் செம்பழுப்பு வால், காலையில் கரகரத்த கத்தல். முள்ளில் வெட்டுக்கிளி ஒன்று குத்தி வைக்கப்பட்டிருந்தால் அது அவர் வேலையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தினமும் ஒரே இடத்தில் இருப்பதால், அது இல்லாத நாளும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அது இரவில் கிளம்பும் பறவை, ஆகவே முதல் நாள் மாலை இருந்தது, மறுநாள் காலை இல்லை என்று எழுத முடியும். ஆனால் ஒரு காலை காணவில்லை என்றதும் முடிவு கட்டிவிடாமல், தொடர்ந்து ஒரு வாரமாவது போய்ப் பாருங்கள்.

வருகிற பறவை ஒன்றாவது சொல்லுங்கள் என்று அந்த அம்மா மனம் தளரக்கூடாது என்பதற்காக, வழிப்போக்கர் ஒருவரைச் சொல்கிறேன். தெற்கிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்த ஆறுமணிக்குருவி, இனப்பெருக்கத்துக்காக வடக்கே திரும்பும்போது சித்திரை வாக்கில் நம் வட்டாரத்தைக் கடக்கும். சவ்வாது மலையடிவாரத்திலோ, மரம் அடர்ந்து சருகு மூடிய தோப்பிலோ, விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் இரண்டு சுரத்தில் விசிலடித்தால் அதுவாக இருக்கலாம். பெரும்பாலும் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும், மரத்தில் மட்டும் தேடாதீர்கள். கேட்ட நாளையும் நேரத்தையும் எனக்கு எழுதுங்கள். தேடிப்போய்க் கேட்காமல் திரும்பிய நாள்களையும் சேர்த்து எழுதுங்கள்.